"சூரியனை மறைக்கப் போறாங்களாமே, டீச்சர்?"

தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. சீர்காழியில் உன் பிளஸ் ஒன் வகுப்பில் பருவமழைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், வெயிலைக் குறைக்க வானத்துல என்னத்தையோ தெளிச்சு சூரியனையே மறைக்கப் போறாங்களாமே, நெசமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நீ "அப்புறம் பார்க்கலாம்" என்று உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாய்.

உட்காரவைத்தது தப்பில்லை. தெரியாத விஷயத்தை வாய்க்கு வந்தபடி சொல்லாமல் விட்டதற்காக உன்னைப் பாராட்டுகிறேன். ஆனால் "அப்புறம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய், அதைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பையன் கேட்டதில் பாதி வதந்தி, மீதிப் பாதி உலக விஞ்ஞானிகள் இன்றைக்கும் இரண்டு பக்கமாக நின்று வாதாடும் கேள்வி. முப்பது வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில், எனக்குத் தெரிந்ததையும் வகுப்பில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். உனக்குப் பக்கத்து மேஜை ஆசிரியர்களுக்கும் படிக்கக் கொடு.

முதலில் பெயரைச் சுத்தம் செய்

"சூரியனை மறைப்பது" என்ற சொல்லை வகுப்புக்குள் விடாதே. அந்தச் சொல்லே பிள்ளைகளைப் பயமுறுத்தும், இல்லாவிட்டால் சிரிக்கவைக்கும். யாரும் சூரியனை மறைக்கப் போவதில்லை. பூமிக்கு வருகிற வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத் திருப்பி அனுப்பலாமா என்பதுதான் பேச்சு. இதற்குச் சூரியப் புவிப் பொறியியல் என்று பெயர். அதிகமாகப் பேசப்படும் வழி, ஒன்பதாம் வகுப்பிலேயே அவர்கள் படித்த மீள் அடுக்கில், சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், கந்தகத் துகள்களைத் தூவுவது. இன்னொன்று, கடல்மேல் இருக்கும் மேகங்களில் உப்புநீரை நுண்துளியாகச் சேர்த்து அவற்றை இன்னும் வெண்மையாக்குவது. இன்றுவரை எந்த நாடும் இதைப் பெரிய அளவில் செய்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வை.

பிள்ளைகள் மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்புவார்கள். செயற்கை மழை வேறு; ஏற்கெனவே இருக்கிற மேகத்தில் உப்பையோ வெள்ளி அயோடைடையோ தூவி மழையாக்கப் பார்ப்பது அது. நம் மாநில அரசே 1980களின் வறட்சியிலும் 1993-94லும் அதைச் செய்து பார்த்திருக்கிறது. விமானம் போன பாதையில் தெரிகிற வெள்ளைக் கோடு வேறு. எஞ்சின் புகையிலிருக்கும் நீராவி உறைந்த பனித்துகள் அது. அதை வைத்துத்தான் "நம்மேல் ரசாயனம் தெளிக்கிறார்கள்" என்று செல்போனில் வீடியோ சுற்றுகிறது. அந்த வீடியோவைக் காட்டுகிற பிள்ளையைத் திட்டாதே. "இதை யார் எடுத்தது, எங்கே, எப்போது?" என்று மூன்று கேள்வியை மட்டும் கேள். பதில் தேடிப் போகிற பிள்ளை தானே தெளிந்து வரும்.

அவர்களுடைய மழையிலிருந்து தொடங்கு

நான் முதன்முதலில் இந்தப் பாடத்தை எடுத்தபோது ஒரு பலூன் படத்தைக் காட்டி, "இது மேலே போய்த் துகளைத் தூவினால் பூமி குளிர்ந்துவிடும் என்கிறார்கள்" என்று ஆரம்பித்தேன். பையன்கள் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அப்போ புகையைக் குறைக்க வேண்டாம்ல டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பொட்டென்று உறைத்தது. மருந்தை முதலில் காட்டி நோயைப் பிறகு சொன்னதால் வந்த வினை. எதிர்ப்பாளர்கள் உலக அரங்கில் சொல்லும் முதல் பயத்தையே அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்: இப்படி ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே கரியமில வாயுவைக் குறைக்கும் முயற்சி தளர்ந்துவிடும்.

அதனால் நீ 2022 நவம்பர் 11 ராத்திரியிலிருந்து தொடங்கு. உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஒருவர்கூட மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாள் கணக்கில் சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை. சம்பா நடவு முழுகியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாய் நிவாரணம் வந்தது. இதையெல்லாம் நீ சொல்லாதே, அவர்களைச் சொல்லவிடு. உப்பனாறு எந்த இடத்தில் ஏறியது, எந்தத் தெருவில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று அவர்கள் வாயால் வரட்டும்.

பிறகு ஒரு கணக்குப் போடச் சொல். 44 சென்டிமீட்டர் மழை ஒரு மா நிலத்தில் விழுந்தால் எவ்வளவு தண்ணீர்? மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐம்பது வந்து ஒரு மா வயலில் கொட்டியது போல. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட பிள்ளைக்குத் தட்பவெப்பம் பரீட்சைக் கேள்வியாகத் தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அந்த மழைக்குப் புவி வெப்பமயமாதல்தான் காரணம்" என்று தீர்ப்பு எழுதாதே. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் பெருமழை இன்னும் பெருமழையாகும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உறுதியான இயற்பியல். ஒரு குறிப்பிட்ட ராத்திரி மழையை அதோடு முடிச்சுப் போட தனி ஆய்வு வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுத்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

நெல்லைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியும். பூக்கிற நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் மகரந்தம் கெட்டுப் பதராகிவிடும். ராத்திரிச் சூடும் கெடுதல்தான். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பார்த்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் பத்து சதவீதம் இறங்கியது தெரிந்தது. ஆக, வெயிலைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இதைப் பிள்ளைகள் உணர்ந்த பிறகுதான் பலூன் படம் வெளியே வர வேண்டும்.

அறிவியலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கம் டார்ச் அடி. ஒளி நேராகப் போகும். இப்போது நாலைந்து சொட்டுப் பால் விடு. எதிர்ப்பக்கம் ஒளி மங்கிச் செம்மஞ்சளாகும், டம்ளர் முழுக்க வெளிச்சம் பரவும், பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம்கூடத் தெரியும். துகள் ஒளியைச் சிதறடிப்பது இப்படித்தான். குடை பிடிப்பது போல நிழல் விழுகிற சங்கதி இது இல்லை என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

தயவுசெய்து கந்தகத்தைக் கொளுத்திக் காட்டாதே. ஆய்வகத்தில் கந்தகம் இருக்கும், யாராவது ஆர்வக்கோளாறில் சொல்வார்கள். அந்தப் புகை நுரையீரலை அரிக்கும். வகுப்பில் ஒரு ஆஸ்துமாப் பிள்ளை இருந்தால் போதும், விபரீதம்.

இயற்கையே செய்து காட்டிய உதாரணத்தைச் சொல். 1991 ஜூன் 15, பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தது. ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்ஸைடு மேலே போனது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. ஓரிரு வருஷத்தில் துகளெல்லாம் கீழே வந்துவிட, சூடு பழைய இடத்துக்கே திரும்பியது. இதைக் கேட்டதும் வகுப்பில் "சூப்பர்" என்று குரல் வரும். உடனே இரண்டாம் பக்கத்தைத் திருப்பு. பினாடுபோ வெடித்த பின் நிலப்பரப்பில் மழையும் ஆற்றுநீரும் பதிவான அளவில் மிகவும் குறைந்துபோனதை கெவின் டிரென்பெர்த், ஐகுவோ டாய் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள்.

மழை ஏன் குறைய வேண்டும்? களத்தில் நெல் காயப்போட்ட பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஈரம் ஆவியாக வெயில் வேண்டும். வெயிலைக் குறைத்துச் சூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலும் ஆவியாவது பழைய நிலைக்கு வராது, அதற்கும் கீழே போய்விடும். இதைக் கணினி மாதிரியில் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் கோவிந்தசாமி பாலா. அவர் பெயரைக் கட்டாயம் சொல். இந்த விவாதம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

அவருடைய ஆய்வுக்கதை வகுப்புக்கென்றே வாய்த்தது போல இருக்கும். 2000-ம் ஆண்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அவரும் கென் கால்டெய்ராவும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கரியமில வாயு இரண்டு மடங்கானால் ஏறும் சூட்டை ஈடுகட்ட வெயிலை எவ்வளவு குறைக்க வேண்டும்? 1.8 சதவீதம் என்று வந்தது. இந்த யோசனை தேறாது என்று காட்டிவிடலாம் என நினைத்துத்தான் கால்டெய்ரா அதில் இறங்கினார். கணினியில் அது அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. 2008-ல் பாலா வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வில், சூடு சரியானாலும் மழை குறையும் என்று தெரிந்தது. 2022-ல் வந்த அவருடைய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. துகளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தூவினால் இந்தியா உள்ளிட்ட வட அரைக்கோளப் பருவமழை குறையும், தெற்கே தூவினால் கூடும் என்று அந்த மாதிரிக் கணக்கு சொல்கிறது. ஒரே ஆளின் இருபது வருஷ வேலையில் ஒரு ஆச்சரியம், ஒரு எச்சரிக்கை, ஒரு பெரிய கேள்வி. ஆராய்ச்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

விளைச்சலுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள். ஜானதன் பிராக்டரும் அவர் குழுவும் எரிமலை வெடிப்புகளை வைத்து 2018-ல் கணக்கிட்டபோது, சூடு குறைவதால் பயிருக்கு வரும் லாபத்தை வெயில் குறைவதால் வரும் நஷ்டம் ஏறக்குறைய தின்றுவிடுகிறது என்று கண்டார்கள்.

"நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீ கேள். மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி, இன்ஜின் போட்டு வயல் தண்ணீரை வாய்க்காலுக்கு இறைப்போமே, அதைச் சொல். வெளியே வெள்ளம் ஏறிக்கொண்டே இருக்கிறது, உள்ளே பயிர் தலை தெரிகிறது. டீசல் தீர்ந்து, வரப்பும் உடைந்தால்? ஒரு ராத்திரியில் மொத்தமும் உள்ளே வந்துவிடும். கரியமில வாயுவைக் குறைக்காமல் துகளை மட்டும் ஐம்பது வருஷம் தூவிவிட்டு திடீரென நிறுத்தினால் தடுத்துவைத்த சூடெல்லாம் சில ஆண்டுகளில் ஏறிவிடும். பழையாறு, திருமுல்லைவாசல் பிள்ளைகளுக்காக இன்னொன்றும் சொல்: வெயிலைக் குறைத்தாலும் காற்றிலிருக்கும் கரியமில வாயு கடலில் கரைவது நிற்காது, கடல்நீர் அமிலத்தன்மை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டு கேள்வியையும் பிரித்து வை

நான் சொல்கிறதில் நீ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள். "இதைச் செய்யலாமா?" என்பது ஒரு கேள்வி. "இதைப் பற்றி ஆராய்ச்சி செய்யலாமா?" என்பது வேறு கேள்வி. பெரியவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். செய்யவே கூடாது என்று நினைப்பவர், "அதன் ஆபத்தைத் தெரிந்துகொள்ளவாவது ஆராய்ச்சி வேண்டும்" என்று சொல்லலாம். இன்னொருவர், "ஆராய்ச்சி என்று தொடங்கினால் பணம், பதவி, காப்புரிமை எல்லாம் சேர்ந்து அது தானே செயலுக்கு இழுத்துப் போகும்" என்று சொல்லலாம். இரண்டுமே யோசித்துச் சொல்கிற வார்த்தைகள்.

இதற்கு நான் செய்த ஒரு காரியம் நன்றாகப் பலித்தது. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் நான்கு கோடு போடு. முதல் கோடு: கணினி மாதிரி. இரண்டாவது: நாலு சுவருக்குள் ஆய்வகச் சோதனை. மூன்றாவது: திறந்த வானில் சிறு சோதனை. நான்காவது: நிஜமாகவே பூமியைக் குளிர்விக்கத் தூவுவது. "எந்தக் கோடு வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் நிற்க நினைக்கும் கோட்டில் நிற்கச் சொல். முதல் கோட்டுக்குப் பின்னாலேயே நிற்கும் பிள்ளையும் இருக்கும், அதற்கும் இடம் கொடு. காரணம் கேட்காதே, முதலில் நிற்கட்டும்.

பிறகு ஒவ்வொரு சம்பவமாகப் படித்துக் காட்டு. மனம் மாறினால் நகரலாம், ஆனால் நகரும்போது ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

ஸ்வீடனில் கிருனா. 2021 ஜூனில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒரு பலூனை மேலே விடத் திட்டமிட்டது. ஸ்கோபெக்ஸ் என்று பெயர். அந்த முறை துகள் எதையும் தூவப் போவதில்லை, கருவியைச் சரிபார்க்க மட்டும்தான். ஆனாலும் அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான சாமி மக்களின் மன்றம், எங்களைக் கேட்காமல் எங்கள் வானத்திலா என்று எதிர்த்தது. சோதனை நின்றது. 2024 மார்ச்சில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

மெக்சிகோ. 2022-ல் ஒரு சிறு அமெரிக்க நிறுவனம் யாரிடமும் அனுமதி கேட்காமல் கந்தக டை ஆக்ஸைடு நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டது. அடுத்த ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது.

நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது, அதைத் தவறாமல் படி. அது வெயிலைப் பற்றியது இல்லை, கடலைப் பற்றியது. ஆனால் கேள்வி இதேதான். 2009 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து தென்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சத்தைக் கரைத்தன. பாசி பெருகி கரியமில வாயுவை இழுத்துக் கடலடிக்குக் கொண்டுபோகுமா என்று பார்ப்பது நோக்கம். லோஹாஃபெக்ஸ் என்று அதற்குப் பெயர். நம் பக்கத்துத் தலைமை விஞ்ஞானி வஜீஹ் நக்வி. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்ததால் ஜெர்மன் அரசு கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே வேலையை நிறுத்தி, மறுபரிசீலனை செய்து, பிறகு அனுமதித்தது. முடிவு? பாசி வளர்ந்தது, அதைச் சிறு கடலுயிர்கள் மேய்ந்துவிட்டன, கடலடிக்குப் போன கரி மிகக் கொஞ்சம். சோதனை நடந்ததால்தான் அந்த வழி நம்பத் தகுந்ததில்லை என்று தெரிந்தது என்று ஒரு பிள்ளை சொல்லும். உலக நாடுகள் வேண்டாம் என்று சொல்லியிருந்த பிறகும் ஏன் செய்தார்கள் என்று இன்னொன்று கேட்கும். இரண்டும் சரியான வாதம். நீ இடையில் புகாதே.

கடைசியாக இரண்டு கடிதங்கள். 2022 ஜனவரியில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் பிராங்க் பியர்மன், வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆர்த்தி குப்தா முதலானோர், இந்தத் தொழில்நுட்பத்துக்கு அரசுப் பணம் கூடாது, வெளிச் சோதனை கூடாது, காப்புரிமை கூடாது, பயன்படுத்தவும் கூடாது என்று நாடுகள் ஒப்பந்தம் போட வேண்டும் என்றார்கள். பொதுவான பருவநிலை ஆய்வைத் தடுப்பது தங்கள் நோக்கமல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். மறு ஆண்டு, 2023 பிப்ரவரியில், அறுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் மறுகடிதம் எழுதினார்கள். நாசாவில் நெடுங்காலம் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹேன்சனும் அதில் கையெழுத்திட்டார். பயன்படுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, ஆனால் சிறு வெளிச் சோதனை உட்பட ஆராய்ச்சி நடக்கட்டும், அப்போதுதான் நாளைக்கு முடிவெடுப்பவர் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுப்பார் என்றார்கள்.

இரண்டையும் உன் மொழியில் பத்துப் பத்து வரியாகச் சுருக்கி எழுதிக் கொடு. சுருக்கும்போது உனக்குப் பிடிக்காத பக்கத்தை மெலிதாக்கிவிடாதே. அதைச் சோதிக்க ஒரு வழி: எழுதியதை வேறொரு ஆசிரியரிடம் கொடுத்து, நான் எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள் என்று கேள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மறுபடி எழுது.

பட்டிமன்றம் வேண்டாம், கிராம சபை கூட்டு

நம் பள்ளிகளில் விவாதம் என்றாலே பட்டிமன்றம்தான். எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும். ஆனால் இந்த விஷயத்துக்கு அது ஒத்துவராது. கைதட்டலுக்காகப் பேசுவார்கள், நடுவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார், பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை எழுதிக்கொண்டு போவார்கள்.

கிராம சபை மாதிரி வட்டமாக உட்காரவை. நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்த அமைப்பு. யாரும் எழுந்து கேட்கலாம், கடைசியில் தீர்மானம் எழுத வேண்டும். பாத்திரங்களைக் கொடு: தெற்கு ராஜன் வாய்க்கால் கடைமடையில் சம்பா போட்டவர், உச்சி வெயிலில் களை பறிக்கும் பெண், பழையாறு மீனவர், கணினி மாதிரி செய்யும் விஞ்ஞானி, கிருனாவின் சாமிப் பெரியவர், கடல் மட்டம் ஏறுவதால் மாலத்தீவில் வீட்டை இழக்கப்போகும் குடும்பம். அரை மணி கழித்துப் பாத்திரத்தை மாற்று. எதிர்த்தவள் ஆதரிக்க வேண்டும், ஆதரித்தவன் எதிர்க்க வேண்டும். களை பறிக்கும் பெண்ணின் பாத்திரத்தை விட்டுவிடாதே. நாற்பது டிகிரியில் வேலை செய்கிற உடம்புக்கு ஒரு டிகிரி குறைந்தாலும் அது பெரிய விஷயம். "வேண்டாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சபையில் விவாதம் தொய்ந்தால் காவிரியைக் கொண்டுவா. நடுவர் மன்றம் அமைந்தது 1990. இறுதித் தீர்ப்பு 2007. உச்ச நீதிமன்றம் நம் பங்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது 2018 பிப்ரவரி 16. அதே ஆண்டில்தான் மேலாண்மை ஆணையம் வந்தது. ஒரே நாட்டுக்குள், ஒரே ஆற்றுக்கு, மதகை யார் எப்போது திறப்பது என்று தீர்க்கவே இத்தனை வருஷம் ஆனது. பூமிக்கே ஒரு மதகு வைத்தால் அதன் சாவி யார் கையில் இருக்கும்? மேட்டூருக்குத் தண்ணீர் வருவது குடகு மலையின் தென்மேற்குப் பருவமழையில். உங்கள் ஊருக்கு நேராகப் பெய்வது வடகிழக்குப் பருவமழை. இரண்டும் ஒரே மாதிரி மாறும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கடைமடைக்காரன் எங்கே போய் முறையிடுவான்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் சபை அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கலைக்காதே, கொஞ்ச நேரம் விடு. அதன் பிறகு யாராவது ஒரு பிள்ளை, "அதனாலதான் நம்ம ஆளுங்களும் ஆராய்ச்சி பண்ணணும், இல்லைன்னா அவங்க கணக்கைத்தானே நாம நம்பணும்?" என்று கேட்கலாம். அதுவும் வெளியில் உரக்கக் கேட்கிற குரல்தான். டிகிரீஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு ஆய்வுநிதி கொடுப்பது இந்த எண்ணத்தில்தான். நம் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் கணினி மாதிரி ஆய்வுகளுக்கு நிதி கொடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஆப்பிரிக்க நாடுகளின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் 2023-ல் இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழை நாடுகளெல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் சில

"நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?" என்று நிச்சயம் கேட்பார்கள். மழுப்பாதே. "தீர்மானம் எழுதி முடிங்க, அப்புறம் சொல்றேன்" என்று சொல், முடிந்த பின் சொல்லியும் விடு. நான் என் பிள்ளைகளிடம் சொன்னது: கணினி மாதிரி ஆய்வு நம் நாட்டில் இன்னும் நிறைய நடக்க வேண்டும், வானத்தில் எதையாவது தூவுவதற்கு முன் அந்த வானத்தின் கீழ் இருப்பவர்களின் சம்மதம் வேண்டும், சம்மதம் கேட்க ஒரு முறையே இல்லாதவரை நான் மூன்றாம் கோட்டைத் தாண்ட மாட்டேன், அந்தக் கோட்டிலும் யோசித்துத்தான் கால் வைப்பேன். நீ வேறு இடத்தில் நிற்கலாம். அக்கா சொன்னாள் என்று நிற்காதே.

பயந்துபோகும் பிள்ளையைக் கவனி. வெள்ளத்தில் வீட்டையோ பயிரையோ இழந்த குடும்பத்துப் பிள்ளை இந்தப் பாடத்தில் பேசாமல் இருக்கலாம். கட்டாயப்படுத்தாதே. பாடம் முடிந்ததும் தனியாகப் போய்ப் பேசு.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் நன்றாகப் பேசியதற்குப் போடாதே. எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை, அந்தப் பக்கத்துக்காரரே "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதினால் போடு.

நேரம் இல்லை என்று சொல்லாதே. மூன்று பீரியடு போதும். மழைக்கும் டம்ளருக்கும் ஒன்று, சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று. திருப்புதல் தேர்வு தொடங்குவதற்குள் முடித்துவிடு. தேசியப் பசுமைப் படை உன் பொறுப்பில்தானே இருக்கிறது, அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்.

கேள்வி கேட்ட அந்தப் பையனை முதல் நாளே எழுப்பி, "அன்னைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி, இந்தப் பாடமே உன்னாலதான்" என்று எல்லார் முன்னாலும் சொல். சபை எழுதும் தீர்மானத்தில் எல்லாப் பிள்ளைகளையும் கையெழுத்துப் போடச் சொல். ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே தங்கள் காரணத்தை எழுதட்டும். அதில் ஒரு நகலை எனக்குத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா